மாடி எழுப்பிய பிறகு வரும் நோட்டீஸ்: வாசகர் கேள்வி – பதில்

கட்டட அனுமதி பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொருந்தக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டுமானப் பொறியாளர் ஒருவரும் சொத்து வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: கீழ்த்தளத்துக்கு மாநகராட்சியில் அனுமதி வாங்கித்தான் 2016-ல் கட்டினோம். போன வருடம் மகன் கல்யாணத்துக்காக மேலே ஒரு மாடி எடுத்தோம். அதற்கு வாங்கவில்லை. பின்வீட்டுக்காரர் புகார் கொடுத்ததில், கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இடித்துவிடுவார்களா?
– வாசகர், மதுரை

பதில்: நாளைக்கே இடிக்க வர மாட்டார்கள். ஆனால் கெடு ஓடத் தொடங்கிவிட்டது. ஒட்டிய நோட்டீஸைக் கதவோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த தேதியை அதன் ஓரத்தில் குறித்து வையுங்கள். பிறகு எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 57-வது பிரிவு என்றால் வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். 56-வது பிரிவு என்றால் கட்டியதை அகற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நோட்டீஸ் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் வந்திருந்தால் மேல்முறையீடு போகும் இடமும் நாள் கணக்கும் வேறு.

56-வது பிரிவு நோட்டீஸில் ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தந்தாக வேண்டும். அந்த அவகாசத்துக்குள் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ள 49-வது பிரிவின்கீழ் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது மேல்முறையீடு செய்யலாம். இரண்டில் ஒன்று நிலுவையில் இருக்கும்வரை அந்த நோட்டீஸ் செயல்படாது. இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலானோர் அந்த முப்பது நாளையும் வார்டு அலுவலகத்தில் ‘பேசி முடித்துவிடலாம்’ என்று அலைந்தே கழிக்கிறார்கள். வாய்வழியாக யார் என்ன உறுதி சொன்னாலும் கெடு நிற்காது. முத்திரையுள்ள விண்ணப்ப ரசீதுதான் நிறுத்தும். கெடு தாண்டினால் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் உண்டு. சீல் வைத்த மாடியில் சரிசெய்யும் வேலைக்குக்கூட உள்ளே போக, தனியாக மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டிவரும்.

விண்ணப்பித்தால் கிடைக்குமா? அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: இதே மாடிக்குக் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் விதிப்படி கொடுத்திருப்போமா? கொடுத்திருக்கலாம் என்றால் கட்டணமும் அபராதமும் கட்டி ஒழுங்காக்கிக்கொள்ளலாம். கொடுத்திருக்க முடியாது என்றால் எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தாலும் வழியில்லை.

அதை நீங்களே ஓரளவு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்குவரை மொத்தத் தளப்பரப்பு பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. 1,200 சதுர அடி மனையில் கீழே 800, மேலே 800 என்றால் 1,600, வரம்பு 2,400. இதில் சிக்கல் வராது. சிக்கல் வருவது பக்கவாட்டுக் காலியிடத்தில். கீழ்த்தளம் கட்டும்போது உள்ளே படிக்கட்டு வைக்காமல் விட்டிருப்பார்கள். மாடி எடுக்கும்போது மூன்றடி அகலத்தில் வெளியே ஒரு படிக்கட்டைப் போடுவார்கள். அந்த ஒரு படிக்கட்டு ஒரு பக்கத்து செட்பேக்கை (எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய காலியிடத்தை) முழுசாகத் தின்றுவிடும். மேல்தளத்தை மட்டும் இரண்டடி வெளியே இழுத்து அறையைப் பெரிதாக்கியிருந்தாலும் இதே கதைதான். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, எடுத்ததற்குப் படமும் இணைத்து விண்ணப்பியுங்கள்.

பழைய அனுமதி வரைபடம், பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று, இப்போது தரையில் உள்ளபடி வரைந்த புதுப் படம் ஆகியவை வேண்டும். இந்தக் கடைசிப் படத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தரையில் இரண்டடி இருக்கும். படத்தில் மூன்றே காலடி என்று போடுவார்கள். ஆய்வுக்கு வருபவர் கையில் டேப் இருக்கும். அளவு பொய் என்று தெரிந்ததும் விண்ணப்பம் தள்ளுபடியாகும். பொய்த் தகவல் கொடுத்தீர்கள் என்பதும் கோப்பில் ஏறிவிடும்; அதைப் பிறகு எந்த மேல்முறையீட்டிலும் கழுவ முடியாது.

இடிக்கும் உத்தரவே வந்தாலும் அதற்கு முறை உண்டு. 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதைப் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். உங்களை நேரில் கேட்க வேண்டும், காரணத்தோடு உத்தரவு போட வேண்டும், உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். சாலை, நடைபாதை, ஆறு, குளம், ரயில் பாதை ஆகியவற்றின்மேல் கட்டியதற்கும் நீதிமன்றமே இடிக்கச் சொன்னதற்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

ஒரு பகுதியை நீங்களே இடிப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இடித்த கல்லையும் கான்கிரீட்டையும் கீழ்த்தளக் கூரைமேல் குவித்து வைக்காதீர்கள். குப்பை ஒரு அடி உயரம் நின்றாலே சதுர மீட்டருக்குச் சுமார் 450 கிலோ வரும். வீட்டுத் தளத்தை ஆள், சாமான் சுமைக்கு 200 கிலோ என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். கீழே முட்டுக் கொடுத்து, அன்றாடம் குப்பையை இறக்கிக்கொண்டே இடிக்க வேண்டும். மாநகராட்சியே இடித்தால் அந்தச் செலவையும் உங்களிடமே வசூலிப்பார்கள்.

கேள்வி: வீட்டு வரி என் பெயரில், மின் இணைப்பு என் பெயரில், பட்டாவும் இருக்கிறது. இதற்குமேல் என்ன அனுமதி?
– வாசகர், பல்லடம்

பதில்: மூன்றும் வேறு வேறு வேலைக்கானவை. பட்டா நிலம் யாருடையது என்று காட்டும். வரி ரசீது, அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது, அதற்கு வரி வாங்கினோம் என்று காட்டும். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். மின் அட்டை மின்சாரத்துக்கு மட்டும். கட்ட அனுமதி கொடுத்தோம் என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

அப்பா காலத்தில் வாங்கியிருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தால் பீரோவில் முத்திரை குத்திய நீலப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் அனுமதி எண்ணும் தேதியும் இருக்கும். இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்புங்கள். ‘இன்ன சர்வே எண், இன்ன கதவு எண்ணுக்கு வழங்கிய கட்டட அனுமதியின் நகலும் வரைபட நகலும்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

உங்கள் பக்கம் அடிக்கடி காதில் விழும் ‘பஞ்சாயத்து அப்ரூவல் மனை’ பற்றியும் சொல்லிவிடுகிறோம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அந்தக் கையெழுத்தை நம்பி வாங்கிய மனையில் வீடு கட்ட விண்ணப்பித்தால், மனையே அங்கீகாரம் பெறவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

கேள்வி: பேங்க் லோனில் கட்டுகிறோம். கடைசித் தவணைக்கு முன் வந்து பார்த்த மதிப்பீட்டாளர், பிளானில் பக்கவாட்டில் 1 மீட்டர் இருக்கிறது, தரையில் 65 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டார். பணம் நிற்கிறது. நாங்கள் பிளான்படிதான் கட்டச் சொன்னோம்.
– வாசகி, சேலம்

பதில்: ‘பிளான்படி’ கட்டியும் 35 சென்டிமீட்டர் எங்கே போனது? முப்பதடி மனைகளில் இது எப்படிக் கரைகிறது என்று சொல்கிறோம். உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்திரத்தில் அகலம் 30 அடி. கல்லுக்குக் கல் டேப் பிடித்தால் 29 அடி 4 அங்குலம். படம் வரைந்தவர் மனையை அளக்காமல் பத்திரத்தைப் பார்த்து வரைந்துவிட்டார். அங்கேயே 20 சென்டிமீட்டர் போய்விட்டது. மேஸ்திரி ஒரு பக்கக் கல்லிலிருந்து அளந்துகொண்டே போவதால், குறைவு முழுவதும் மறுபக்கத்தில் போய் விழும். அடுத்து, படத்தில் 1 மீட்டர் என்பது எல்லையிலிருந்து சுவரின் வெளிமுகம்வரை. நூல் கட்டும்போது அதைத் தூணின் மையக்கோடு என்று எடுத்துக்கொண்டால், ஒன்பது அங்குலச் சுவரில் பாதி, அதாவது 11.5 சென்டிமீட்டர், காலியிடத்துக்குள் வந்துவிடும். அதன்மேல் வெளிப்பூச்சு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். கூட்டினால் கிட்டத்தட்ட உங்கள் 35 வந்துவிடுகிறது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே கட்டடம் விதிமீறலாகிவிட்டது.

இப்போது என்ன செய்யலாம்? முதலில் நில அளவையருக்குப் பணம் கட்டி எல்லையை அளந்து காட்டச் சொல்லுங்கள். சில சமயம் காம்பவுண்டு சுவர் உங்கள் நிலத்துக்குள் தள்ளி நிற்கும். செட்பேக்கைச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படியானால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும். குறைவு சுவரில் இல்லாமல், பிதுங்கிய குளியலறையிலோ போர்டிகோ தூணிலோ இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம். உங்கள் மனைக்கும் உயரத்துக்கும் விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு பிளானில் போட்டதைவிடக் குறைவு என்றால், திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இவை எதுவும் பொருந்தாமல், தூணும் பீமும் சேர்ந்த முழுச் சுவரே உள்ளே நிற்கிறதென்றால் நல்ல வழி இல்லை. பக்கத்து மனையில் ஒரு அடி வாங்கிச் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், அவருடைய செட்பேக் என்னாவது?

வீட்டை இனித் தொடங்கப்போகிறவர்களுக்கு: பிளிந்த் பீமுக்கு (தரைமட்டத்தில் சுவர்களுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரத்துக்கு) கம்பி கட்டிய அன்று, கான்கிரீட் ஊற்றுமுன், நான்கு மூலையிலும் டேப் பிடித்துப் பாருங்கள். பலகையை நகர்த்த அன்றைக்கு அரைநாள் போதும்.

கேள்வி: மேஸ்திரி ‘ரெண்டு மாடி தாங்கும்’ என்கிறார். தூண் 9-க்கு 9, நாலு 12 எம்எம் கம்பி. அஸ்திவாரம் நாலுக்கு நாலு. அனுமதிக்குப் போனால் பொறியாளர் சான்று கேட்பார்களே என்று தயங்குகிறோம்.
– வாசகர், துறையூர்

பதில்: அந்தச் சான்றுக்குத்தான் நீங்கள் போக வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டுவதில் உயிருக்கு ஆபத்தான பகுதி இதுதான்.

தளம் 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குல கான்கிரீட் கூரையும் அதன்மேல் பூச்சும் சதுர மீட்டருக்கு 400 கிலோ. மொத்தம் 22 டன்னுக்குமேல் வரும். பத்தடி உயர ஒன்பது அங்குலச் சுவர் ஓட்ட மீட்டருக்கு 1.3 டன், கதவு ஜன்னல் கழித்தால் 35 டன்னாவது நிற்கும். ஆள், சாமான் 11 டன். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன். ஆக ஒரு மாடிக்கு ஏறும் சுமை சுமார் 70 டன்.

இதை ஒன்பது தூண்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. மூன்றுக்கு மூன்று என்று தூண் நிற்கும் வீட்டில் நடுத்தூண்மேல் மட்டும் தளத்தின் கால்வாசி உட்காரும். சுவரையும் சேர்த்து ஒரு தளத்துக்கு 15 டன் அங்கே இறங்கலாம். நாலுக்கு நாலடி அஸ்திவாரம் 1.5 சதுர மீட்டர். களிமண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால் அதன் முழுத் திறனும் அந்த 15 டன்தான். கீழ்த்தளத்துக்கே தீர்ந்துவிட்டது. மேலே ஏற்றினால் நடுத்தூண் மட்டும் மெல்ல இறங்கும். கதவு நிலையின் மூலையிலிருந்து 45 டிகிரியில் ஒரு விரிசல் கிளம்பும். ஆளை வைத்துப் பூசுவீர்கள், மறுமழைக்குத் திரும்ப வரும்.

தூணைப் பற்றி: ஒன்பது அங்குலத் தூணில் நாலு 12 எம்எம் கம்பி என்பது 0.85 சதவீதம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கேட்கும் குறைந்தபட்சமே 0.8. ‘கம்பி நிறைய இருக்கிறது’ என்று மேஸ்திரி சொல்வது விதியின் வாசற்படியை மட்டும் தொட்டு நிற்கிறது. நில அதிர்வைத் தாங்கும்படி கம்பி அமைப்பதற்கான ஐஎஸ் 13920, 2016 திருத்தத்துக்குப் பிறகு 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த தூணை ஏற்பதே இல்லை.

ஒரு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, மண் பரிசோதனை செய்து, தூண்களில் ரீபவுண்டு ஹேமர் (கான்கிரீட்டின் வலுவைத் தட்டிப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தூண் மட்டும் போதாது என்றால் சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குக் கம்பியும் கான்கிரீட்டும் கட்டி வலுப்படுத்தலாம். அஸ்திவாரமும் போதாதென்றால், மேல்மாடி ஆசையை விட்டுவிடுவது மலிவு.

கேள்வி: சென்னையில் ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) பிளஸ் மூன்று மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி ஃபிளாட் விலைக்கு வருகிறது. பிளானில் மூன்று மாடிதான். மற்ற ஃபிளாட்டைவிட 20 லட்சம் குறைவு. பத்திரம் பதிவு செய்து தருகிறேன் என்கிறார் பில்டர். வாங்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: வேண்டாம். பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கும் (எல்லா ஃபிளாட்டுக்கும் பொதுவான மனையில் உங்கள் பாகம்) பதிவாகும். நான்காவது மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்பதை அந்தப் பதிவு உறுதி செய்வதில்லை. கீழே உள்ளவர்களின் பங்கிலிருந்து கிள்ளித்தான் உங்களுக்குத் தந்திருப்பார். நாளை வழக்குப் போடுவதும் அவர்களாகவே இருக்கலாம்.

பதிவுப் பத்திரம் காப்பாற்றாது என்பதற்குக் கொச்சி மரடு போதும். கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிய நான்கு அடுக்ககங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். குடியிருந்தவர்களிடம் பத்திரமும் வரி ரசீதும் இருந்தன. இடைக்கால இழப்பீடாக ஃபிளாட்டுக்கு 25 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். விதி மீறிக் கட்டிய நொய்டா இரட்டைக் கோபுரம் 2022 ஆகஸ்ட் 28-ல் விழுந்தது. வாங்கியவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அங்கே உத்தரவு போடவாவது ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. ஆறு ஃபிளாட் கட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறவரிடம் என்ன வசூலிப்பீர்கள்? மனை 500 சதுர மீட்டருக்கு உட்பட்டோ எட்டு வீட்டுக்கு உட்பட்டோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் தேவையில்லை. பிறகு நுகர்வோர் ஆணையம்தான் கதி, அதற்கும் இரண்டு வருடக் கெடு.

கடனும் எளிதில் கிடைக்காது. பணிநிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும், மின்சாரம், குடிநீர் இணைப்புகளும் அதற்குப் பிறகே என்று 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. தமிழ்நாட்டில் 14 மீட்டர் உயரத்துக்கும் 750 சதுர மீட்டருக்கும் உட்பட்ட, எட்டு வீடுகள் வரையிலான குடியிருப்புகளுக்குப் பணிநிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. பில்டர் அதைக் காட்டுவார். பிளானில் இல்லாத மாடியை அந்த விலக்கு பிளானுக்குள் கொண்டுவராது. மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்துக்கு மாறாமல் தற்காலிக இணைப்பிலேயே நின்றுபோன அடுக்ககங்களில், யூனிட் விலையும் கூடுதல், இலவச 100 யூனிட்டும் கிடையாது. 20 லட்சம் ஏன் குறைகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கேள்வி: அனுமதியில்லாத கட்டடங்களை ஒழுங்காக்கும் வரன்முறைத் திட்டத்தை அரசு திரும்பக் கொண்டுவரும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: இதுவரை வந்தவற்றின் தேதிகளைப் பாருங்கள். நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28-க்குள் முடிந்த கட்டடங்களுக்கு. அதற்குப் பிறகு கெடுவை நீட்டித்துக்கொண்டே போனதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. 113-சி பிரிவு 2007 ஜூலை 1-க்குள் கட்டியவற்றுக்கு. மனை வரன்முறை 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளுக்கு. அது மனைக்கு மட்டும், அதன்மேல் நிற்கும் வீட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். எல்லாமே பின்தேதித் திட்டங்கள். நேற்று கட்டிய மாடிக்கு நாளை திட்டம் வரும் என்று எந்தத் தேதியும் சொல்லவில்லை. நீர்நிலை, சாலை நிலம் என்றால் எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

கேள்வி: மொட்டை மாடியில் துணி காய வைக்கத் தகர ஷெட் போட்டிருக்கிறோம். இதற்கும் அனுமதியா?
– வாசகி, காரைக்குடி

பதில்: நான்கு பக்கமும் திறந்த ஷெட்டை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அதையே சுற்றி அடைத்து, கழிப்பறை வைத்து, வாடகைக்கும் விட்டால் இன்னொரு தளமாகத்தான் கணக்கிடுவார்கள். மின்கம்பி அருகில் போனால் மட்டும் கவனம்: 11 கேவி (கிலோவோல்ட்) வரையிலான உயர் அழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், கம்பி மேலே போனால் செங்குத்தாக 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். தகர விளிம்பும் கட்டடத்தில் சேர்த்திதான்.

கேள்வி: 1,200 சதுர அடி மனையில் புதிதாகக் கட்டப்போகிறோம். உடனடி அனுமதி என்கிறார்களே, அது நிஜமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நிஜம்தான். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு தளம் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அனுமதி உடனே இறங்கிவிடும். முன்கூட்டியே யாரும் வந்து அளக்க மாட்டார்கள். அளவுகள் சரி என்று சான்று கொடுப்பது நீங்கள். தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், கட்டியது அனுமதியற்ற கட்டடமாகிவிடும். ஆகவே படம் வரைபவரிடம் பத்திரத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். மனைக்குக் கூட்டிப்போய் நான்கு கல்லுக்கும் இரண்டு மூலைவிட்டத்துக்கும் டேப் பிடிக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டம் இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மனை கோணல். பின்பக்கம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்தக் குறைந்த அளவை வைத்துப் படம் போடச் சொல்லுங்கள்.